அடிமைத் தளையும் கிறித்தவ சபைகளும்

தத்தம் சமயத்தின் பெருமையைத் தத்தம் வாயாற் கூறுதல் எல்லாச் சமயத்தார்க்கும் இயல்பு. அது குற்றமாகாது. ஆயினும் கூறப்படும் பெருமை மெய்யாயிருத்தல் வேண்டும். மெய்யல்லாததொன்று மெய்போல நிலைநாட்டப்படின், அதனை அளவையான் ஆராய்ந்து விலக்குதல் நடுநிலையாளர் கடனாம். கிறித்தவ சமயத்தைப் பரப்புவோருள் ஒரு சாரார் நெடுங்காலமாக எடுத்தோதிவரும் பெருமைகளுள் ஒன்று, மக்களை மக்கள் விற்றும் வாங்கியும் வந்த அடிமை வழக்கை உலகினின்றும் ஒழித்தது தம் சமயமே என்பது. ஏனைச் சமயங்களெல்லாம் கண்மூடியிருப்ப, கிறித்துவின் அன்புநெறி ஒன்றே கண்திறந்து அத்தளையை அறுத்ததென்று அவர் கூறுப. கேட்போர் பலர் ஆராயாது தலையசைப்ப.

இக்கூற்றில் ஒரு கூறு மெய்யாதல் பற்றியே இஃது எளிதிற் பரவுவதாயிற்று. அடிமை வழக்கை எதிர்த்து உடலும் பொருளும் ஈந்த சான்றோருட் பலர் கிறித்தவராயிருந்தனர். அதனை மறுப்பார் நடுநிலை பிறழ்ந்தவராவர். ஆயின், ஒரு சமயத்திற் பிறந்தார் சிலர் நல்வினை யொன்றைச் செய்தனர் என்பது வேறு. அச்சமயத்தின் ஆட்சிப் பீடங்களாகிய சபைகள் அதனைச் செய்தன என்பது வேறு. முன்னையது மெய். பின்னையது மெய்யா என்பதே ஈண்டு வினா.

ஒன்று மற்றொன்றற்குக் காரணமென்று துணிதற்கு, காரணம் உள்வழிக் காரியம் உளதாதலும், காரணம் இல்வழிக் காரியம் இலதாதலும் வேண்டும் என்ப அளவை நூலார். அடுப்பில் தீ மூட்டிப் பகல் முழுதும் நீர் கொதியாதிருந்து மாலையிற் கொதிக்குமாயின், கொதிப்பித்தது அத்தீயொன்றே என்று அறிவுடையான் எவனுங் கூறான்; மாலையில் வேறு யாது வந்து சேர்ந்ததென்றே வினவுவான். கிறித்தவம் அரசுரிமை பெற்ற சமயமாய் ஐரோப்பாவில் நிலைபெற்றது 4-ஆம் நூற்றாண்டில். ஆங்கிலேய நாட்டார் அடிமை வாணிகத்தை விலக்கியது 1807-இல். தம் குடியேற்ற நாடுகளில் அடிமை வழக்கை ஒழிக்கச் சட்டஞ் செய்தது 1833-இல். இடைப்பட்ட ஆயிரத்தைந்நூறு யாண்டும் அத்தீ யாது செய்துகொண்டிருந்தது என்பதைக் காண்டல் வேண்டும்.

சங்கத்தின் கரும்புத் தோட்டம்

பொதுவகையாற் கூறுவதினும் ஒன்றைச் சிறப்பாக எடுத்துக் காட்டுதல் தெளிவு பயக்கும். தமிழகத்தார் நன்கறிந்த கிறித்தவச் சங்கங்களுள் ஒன்று, எஸ். பி. ஜி. எனச் சுருக்கி வழங்கப்பெறும் சுவிசேஷம் பரப்பும் சங்கம். அஃது ஆங்கிலத் திருச்சபையைச் சார்ந்தது. 1701-இல் அரசன் அளித்த பட்டயத்தால் தோன்றியது. கான்டர்பரித் தலைமைப் பேராயரையே தலைவராகக் கொண்டது. 1838-இற் சென்னைக்கு வந்து 1841-இல் இச்சங்கத்தைச் சேர்ந்த கால்டுவெல் இடையன்குடியில் அமர்ந்து திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் இயற்றினார். திருக்குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்திற் பெயர்த்த போப்பு ஐயரும் இச்சங்கத்தின் சார்பிற் சாயர்புரத்திலும் தஞ்சையிலும் பணிபுரிந்தவரே. அவர்தம் தமிழ்த்தொண்டு போற்றத்தக்கது. ஈண்டுக் கூறப்போவதில் அவர்க்குப் பங்கில்லை. ஆயின் அவரை விடுத்த அச்சங்கம் கடலுக்கப்பால் வேறொரு தீவில் யாது செய்திருந்தது என்பதைத் தமிழர் பலர் அறியார்.

மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றாகிய பார்படோஸிற் பிறந்த கிறிஸ்தோபர் காட்ரிங்டன் என்னும் பெருஞ்செல்வர் 1710-இல் இறந்தார். அவர் தம் விருப்ப ஆவணத்தில் இரண்டு கரும்புப் பண்ணைகளை இச்சங்கத்திற்கு எழுதிவைத்தார். அவற்றின் வருவாய் கொண்டு ஒரு கல்லூரி எடுத்து, சமயக் கல்வியும் மருத்துவமும் கற்பித்தல் வேண்டும் என்பது ஒரு கட்டளை. பண்ணைகளிற் குறைந்தது 300 நீக்ரோவர் எப்பொழுதும் வைக்கப்பட்டிருத்தல் வேண்டும் என்பது மற்றொரு கட்டளை. அறநிலையம் ஒன்றிற்கு நிலத்தோடும் ஆலையோடும் மக்களையுஞ் சேர்த்து எழுதிவைத்தல் அந்நாளைச் செல்வர்க்கு வியப்பாகத் தோன்றிற்றிலது. வியப்பென்னெனின், மக்கள் ஆன்மாவை மீட்பதற்கென்றே தோன்றிய சங்கம் அதனைத் தயங்காது ஏற்றுக்கொண்டமையேயாம்.

ஏற்றபின் நிகழ்ந்தது யாது? ஓடிப்போனாரை அடையாளங் கண்டு பிடித்தற்பொருட்டு, அடிமைகளின் மார்பிற் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் 'சொசைட்டி' என்னும் ஆங்கிலச் சொல் சூடிடப்பட்டது. சங்கம் என்பது அதன் பொருள். நெற்றியிற் சிலுவைக்குறி யிட்டு ஞானஸ்நானம் அளிப்பதற்கென்று புறப்பட்ட சங்கம், மார்பில் தன் பெயரையே சூடாக இட்டு உடைமையாக்கிக் கொண்டது. கரும்பு வெட்டுதலும், ஆலையாட்டுதலும், பாகு காய்ச்சுதலும் ஆகிய கடுந்தொழிலில் இறந்தார் தொகை பிறந்தார் தொகையை விஞ்சிற்று. குறை நிரப்புதற்கு ஆப்பிரிக்காவினின்றும் கொணரப்பட்டோரைச் சங்கத்தார் மேலும் மேலும் விலைகொடுத்து வாங்கினர். ஆண்டுதோறும் லண்டனில் அதற்குக் கணக்குக் காட்டப்பட்டது. கணக்கை ஒப்பிய அவையிற் பேராயர்கள் வீற்றிருந்தனர்.

அறியாமையால் நிகழ்ந்ததென்று கூறுவாரும் உளர். அது பொருந்தாது. என்னை? அறிவுறுத்துவார் இல்லாமலில்லை. 1766-இல் இச்சங்கத்தின் ஆண்டுவிழாப் பிரசங்கத்திலேயே குளோஸ்டர்ப் பேராயராகிய வார்பர்ட்டன் அடிமை வாணிகத்தைக் கடிந்துரைத்தார். அடுத்த ஆண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியாவினின்றும் அந்தோணி பெனசெட்டு என்னும் குவேக்கர் அறச்சான்றுகள் காட்டி இச்சங்கத்திற்கு ஓலை விடுத்தார். 1768-இற் சங்கச் செயலாளர் மறுமொழி எழுதினார். அடிமைகளை அன்பாக நடத்துதல் வேண்டும் என்பதைச் சங்கம் ஒப்புகின்றது. ஆயின் அடிமைகளை வைத்திருத்தலே தகாதென்று கூறல் இயலாது. அப்போஸ்தலர் ஆண்டாருக்கும் ஊழியர்க்கும் வகுத்த கட்டளைகளிலிருந்து அதற்கு மாறான கருத்தே பெறப்படுகின்றது. இதுவே அம்மறுமொழியின் சாரம். 1783-இற் பெய்ல்பி போர்ட்டியஸ் என்னும் பேராயர் அச்சங்கத்தின் முன் நின்று, தம் பண்ணையையேனும் ஏனையோர்க்கு எடுத்துக்காட்டாகத் திருத்துமாறு வேண்டினார். அவர் வகுத்த திட்டம் அடுத்த ஆண்டில் ஒதுக்கப்பட்டது. ஆகவே, சங்கத்தார் அறியாது செய்திலர். கேட்டும், ஆராய்ந்தும், வேதவசனங் காட்டியும் செய்தனர்.

முடிவு யாதெனின், பாராளுமன்றம் சட்டஞ் செய்து விடுவிக்குங்காறும் அச்சங்கம் தானே முன்வந்து தன் அடிமைகளை முழுதும் விடுவித்திலது. அச்சட்டம் 1834-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாளில் நடைமுறைக்கு வந்தது. அதன்பின்னும் பழகுநர் என்னும் பெயரால் 1838 வரை அம்மக்கள் பழைய பண்ணைகளிலேயே கட்டுண்டு உழைத்தனர். விடுவிக்கப்பட்டார்க்கு ஒரு காசும் கிடைத்திலது. விடுவித்த உடையார்க்கோ அரசாங்கம் இரண்டு கோடி பவுன் ஈடு வகுத்தது. சுவிசேஷம் பரப்பும் சங்கம் 411 அடிமைகளுக்காக 8,823 பவுன் 8 சில்லிங் 9 பென்சு பெற்றுக்கொண்டது. அன்பினால் தளையறுத்தவர் அறுத்ததற்குக் கூலி வாங்குவரோ? சில்லிங்கும் பென்சும் வழுவாது எண்ணி வாங்கிய கை, தளையை அறுத்த கையாதல் யாங்ஙனம்? அவ்வீட்டின் பொருட்டு அரசாங்கம் பெற்ற கடன் 2015-இலேயே முழுதும் தீர்ந்தது. அவ்வாண்டு வரை வரியிறுத்தாருள் அவ்வடிமைகளின் வழித்தோன்றல்களும் இருந்தனர் என்பது நினையத்தக்கது.

நூல் கூறுவது யாது?

சங்கச் செயலாளர் அப்போஸ்தலரைச் சான்று காட்டியது பிழையான சான்றா என்பது அடுத்து ஆராயத்தக்கது. விவிலியத்தில் இருவகை வாக்குகளும் உள. மனிதனைத் திருடி விற்பவன் கொலைத் தண்டத்திற் குரியவன் என யாத்திராகமம் விதிக்கின்றது. தப்பிவந்த அடிமையை அவன் ஆண்டானிடம் ஒப்புவித்தலாகாது என உபாகமம் கூறுகின்றது. அடிமை என்றும் சுயாதீனன் என்றும் வேற்றுமையில்லை எனப் பவுல் கலாத்தியர்க்கு எழுதினார். இவை ஒருபுறம்.

மற்றொருபுறத்தில், சுற்றியுள்ள பிற இனத்தாரை அடிமைகளாக வாங்கவும் அவரைத் தம் மக்கட்கு உரிமைப் பொருளாக விட்டுச்செல்லவும் லேவியராகமம் இசைவு தருகின்றது. அடியுண்ட அடிமை ஓரிருநாள் உயிரோடிருந்து பின் இறப்பின் அடித்தானுக்குத் தண்டமில்லை, அவன் இவனது பொருளாதலின், என யாத்திராகமமே பிறிதோரிடத்தில் விதிக்கின்றது. அடிமைகள் தம் ஆண்டார்க்கு அடங்கி நடத்தல் வேண்டும் என்பது எபேசியர்க்கும் கொலோசெயர்க்கும் எழுதிய நிருபங்களிலும், தீத்துவுக்கு எழுதிய நிருபத்திலும் காணப்படும். கொடிய ஆண்டார்க்கும் அடங்குக என்கின்றது பேதுருவின் முதல் நிருபம். ஓடிவந்த ஓநேசிமுவைப் பவுல் அவன் ஆண்டானாகிய பிலேமோனிடமே திருப்பியனுப்பினார்; உடன்பிறப்பாக ஏற்றுக்கொள் என்று கேட்டதும் உண்மை; திருப்பியனுப்பியதும் உண்மை.

ஒரு நூலின்கண் இருவேறு வாக்குகள் காணப்படின், எதனைத் தலைமையாகக் கொண்டு எதனை அதற்கு அடக்குவது என்று துணிதல் உரையாசிரியர் கடன். கிறித்தவ சபைகளின் உரையாசிரியர் எதனைத் தலைமையாகக் கொண்டனர்? 4-ஆம் நூற்றாண்டிற் கங்ரா என்னுமிடத்திற் கூடிய சபை, ஆண்டானை மதியாது அவன் பணியினின்றும் நீங்கும்படி பக்தியின் பெயரால் அடிமைக்குக் கற்பிப்பவன் சபிக்கப்படுவானாக என்று விதி செய்தது. அகுஸ்தீன் முனிவர், அடிமைத்தனம் இயற்கையன்று, பாவத்தின் தண்டனையாக வந்தது எனக் கூறி, அதனைப் பொறுத்திருக்க வழிகாட்டினார். நோவா கானானுக்கு இட்ட சாபத்தைக் காமின் சந்ததியார்க்கெல்லாம் ஏற்றி, ஆப்பிரிக்கரே அச்சந்ததியார் என்றும் கூட்டியுரைத்தனர் பிற்காலத்தார். மூலத்தில் ஆப்பிரிக்கர் பெயரும் இல்லை. நிறத்தைப் பற்றிய பேச்சும் இல்லை.

அக்காலத்தேயே ஒருவர் மாறுபட்டுரைத்தார் என்பதையும் மறைத்தலாகாது. நீசாவின் கிரகோரியார் பிரசங்கி என்னும் ஆகமத்திற்குச் செய்த விரிவுரையில், இறைவன் சாயலாற் படைக்கப்பட்ட மனிதனுக்கு விலை மதிப்பவன் யார், வாங்குபவன் யார் என வினவி, அடிமையை உடையனாதலே இறைவனுரிமையைக் கவர்தலாம் எனக் கடிந்தார். இஃது அருமையான வாக்கு. ஆயின் அதனாற் பெறப்படுவது யாது? உண்மையைக் காணும் கண் அச்சமயத்தார்க்கு 4-ஆம் நூற்றாண்டிலேயே வாய்த்திருந்தது. சபைகள் அக்கண்ணை மூடிக்கொண்டன என்பதே. கிரகோரியாரைப் புனிதர் எனத் தொழுதனர். அவர் சொல்லை விதியாக்கினாரில்லை.

நூலை எங்ஙனம் கையாண்டனர் என்பதற்கு இன்னும் ஒரு சான்று. 1807-இல் லண்டனில் மேற்கிந்தியத் தீவு அடிமைகளுக்கென்றே விவிலியப் பகுதிகள் சில தெரிந்தெடுத்து அச்சிடப்பட்டன. விவிலியத்தின் 1,189 அதிகாரங்களுள் அதில் இடம்பெற்றவை 232 மட்டுமே. எகிப்தில் அடிமைப்பட்டிருந்த இசுரவேலரை மோசே மீட்டுச் சென்ற வரலாறு அதில் விடப்பட்டது. அடங்கி நடக்குமாறு கூறும் எபேசியர் நிருபப் பகுதி விடப்படவில்லை. நூல் முழுதும் விடுதலைக்கே துணையென்பது அவர் கொள்கையாயின், நூலைக் கத்தரித்தது எற்றுக்கு?

ஞானஸ்நானமும் அவ்வாறே ஆயிற்று. கிறித்தவனானவன் கிறித்தவனுக்கு அடிமையாதல் தகுமோ என்னும் ஐயம் தொடக்கத்தில் உடையார் பலர்க்கும் இருந்தது. விர்ஜினியாக் குடியேற்றத்தார் 1667-இல், ஞானஸ்நானம் பெற்றதனால் அடிமையின் நிலை மாறாதெனச் சட்டஞ் செய்து அவ்வையத்தை அறுத்தனர். லண்டன் பேராயராகிய கிப்சன் 1727-இல் அதற்குச் சபையின் முத்திரையையும் இட்டார். கிறித்தவம் ஆன்மாவைப் பாவத்தினின்றும் விடுவிப்பதன்றி உலகியலுடைமையை மாற்றுவதன்று என்பது அவர் உடையார்க்கு எழுதிய ஓலையின் கருத்து. உடையாரது அச்சம் நீங்கிற்று. அடிமையது நம்பிக்கையும் அதனோடு நீங்கிற்று.

உரோமைப் பீடமும் அமெரிக்கச் சபைகளும்

இவை யாவும் சீர்திருத்தச் சபையின் குற்றம், கத்தோலிக்க சபை அங்ஙனம் செய்திலது எனச் சிலர் கூறலாம். 1452-இல் ஐந்தாம் நிக்கோலாஸ் என்னும் பாப்பரசர் போர்த்துக்கல் மன்னனுக்கு விடுத்த ஓலையில், சரசேனரையும் அஞ்ஞானிகளையும் வென்று நிலையான அடிமைத்தனத்திற்கு உட்படுத்த உரிமை அளித்தார்; 1455-இல் வேறோர் ஓலையால் அதனை வலியுறுத்தினார். 1537-இல் மூன்றாம் பவுல், அமெரிக்கப் பழங்குடியாரையும் இனிக் காணப்படும் பிற மக்களையும் அடிமைப்படுத்தலாகாதென நல்லோலை யொன்று விடுத்தார். அவரே 1548-இல் உரோமை நகரத்தில் அடிமைகளை வாங்கவும் வைத்திருக்கவும் இசைவளித்தார். 1839-இல் பதினாறாம் கிரகோரி அடிமை வாணிகத்தைக் கண்டித்தெழுதினார். அஃது ஆங்கிலேயர் அவ்வாணிகத்தை விலக்கி 32 ஆண்டுகள் கழிந்தபின் எழுந்த கண்டனம். அதனையும் சார்ல்ஸ்டன் நகரப் பேராயர் ஜான் இங்கிலாந்து, அமெரிக்க அமைச்சர் ஒருவர்க்கு 1840, 1841-ஆம் ஆண்டுகளில் எழுதிய தொடர் ஓலைகளில், கடல் கடந்த வாணிகத்தையே விலக்கிற்று, வீட்டிலுள்ள அடிமையைத் தொட்டதில்லை எனப் பொருள்கூறி வலியிழக்கச் செய்தார்.

1838-இல் மேரிலாந்து நாட்டு இயேசு சபைத் துறவிகள் தம் பண்ணைகளில் இருந்த 272 பேரை 115,000 டாலருக்கு லூயிசியானா நாட்டார்க்கு விற்றனர். குடும்பங்களைப் பிரித்தலாகாது, வந்த பொருளைக் கடன் தீர்க்கச் செலவிடலாகாது என உரோமையிலிருந்த தலைவர் விதித்திருந்தார். இரண்டும் மீறப்பட்டன, பொருளின் ஒரு பகுதி ஜார்ஜ்டவுன் கல்லூரியின் கடன் தீர்க்கச் சென்றது. பெண்டு பிள்ளைகளைத் துறந்த துறவிகள், பிறருடைய பெண்டு பிள்ளைகளைப் பிரித்து விற்ற செய்தி இது.

மெதடிஸ்டு சபையாரின் முதல்வராகிய ஜான் வெஸ்லி 1774-இல் அடிமை வழக்கை வன்மையாகக் கண்டித்து ஒரு நூல் எழுதினார். அமெரிக்க மெதடிஸ்டுகள் 1784-இற் சபை அமைத்தபொழுது, அடிமைகளை விடுவியாத உறுப்பினரை நீக்குவதென விதி செய்தனர். அவ்விதி ஓராண்டும் நிலைத்திலது, 1785-இல் நிறுத்திவைக்கப்பட்டது. 1844-இல் அடிமையுடையராகிய பேராயர் ஆண்ட்ரூ அப்பதவியில் நீடித்தல் தகுமோ என்னும் வினாவால் அச்சபை இரண்டாகப் பிளந்தது. 1845-இல் அடிமையுடையாரைச் சமயத் தூதராக அனுப்புதல் கூடும் என்னும் கொள்கையினர் ஜார்ஜியாவின் அகஸ்டா நகரிற் கூடித் தென்னாட்டு பாப்டிஸ்து சபையை நிறுவினர். அச்சபையின் தோற்றத்திற்கே அடிமை வழக்கு காரணம். அதனை உணர்ந்து அச்சபையார் வருந்தி மன்னிப்புக் கோரியது 1995-இல். பிறந்து 150 ஆண்டுகள் கழிந்தபின்.

தடையும் விடையும்

இனி, எதிர்வாதியர் கூறத்தக்க தடைகளை ஆராய்வாம் எனின், முதற்றடை வில்பர்போர்ஸைப் பற்றியது. அவரும், கிரான்வில் ஷார்ப்பும், குவேக்கர்களும் கிறித்தவ அன்பினாலன்றோ உழைத்தனர் என்பர். உழைத்தனர், அவர் புகழ் அழியாதது. ஆயின் அவர் எதிர்த்து உழைத்தது யாரை? பண்ணையுடைய கிறித்தவரையும், அவர்க்கு வசனங் காட்டிய குருமாரையும் அன்றோ? மருந்து தந்தது யாம் என்பார், நோய் தந்ததும் யாம் என்று சேர்த்துக் கூறுதல் நேர்மை.

குவேக்கர்களையே நோக்குக. ஜெர்மன்டவுன் ஊரார் 1688-இலேயே அடிமை வழக்கை எதிர்த்து விண்ணப்பம் எழுதினர். பிலடெல்பியாக் குவேக்கர் அவை தன் உறுப்பினர் அடிமை வைத்திருத்தலை முற்றும் விலக்கியது 1776-இல். இடையிற் பெஞ்சமின் லே என்பவர் அடிமையுடைய குவேக்கர்களை வெளிப்படையாகக் கடிந்தமையால், 1738-இல் அவ்வவையாரால் ஒதுக்கப்பட்டார். எல்லாச் சபைகளினும் சிறந்த சபைக்கும் 88 ஆண்டுகள் வேண்டியிருந்தன. அடிமைக் கப்பல் மீகாமனாயிருந்து பின் குருவான ஜான் நியூட்டன், 1748-இல் தாம் மனந்திரும்பியதாகக் கூறுவர். அதன் பின்னரே 1754 வரை அடிமைக் கப்பல்களைச் செலுத்தினார். அவ்வாணிகத்தைக் கண்டித்து நூல் வெளியிட்டது 1788-இல். மனந்திரும்புதலும் அடிமை வாணிகமும் ஒருவர் நெஞ்சில் ஒருங்கிருக்க இடந்தந்தது எவ்வகைப் போதனை?

இரண்டாவதாக, விடுதலைக்கு உண்மையில் உழைத்தார் யார் என்னும் வினாவில், அடிமைகளையே மறந்துவிடுதல் பெரும்பிழை. செயிண்ட் டொமிங்கோவில் அடிமைகள் 1791-இற் கிளர்ந்தெழுந்தனர். அக்கிளர்ச்சியின் வன்மையால் 1794-இற் பிரஞ்சுக் குடியரசு அடிமை வழக்கை ஒழித்தது. அக்குடியரசு அப்பொழுது திருச்சபையைப் பகைத்து நின்ற அரசு. 1801-இற் பாப்பரசரோடு உடன்படிக்கை செய்த நெப்போலியன் 1802-இல் அடிமை வழக்கை மீட்டும் சட்டமாக்கினான். காரணம் இல்வழிக் காரியம் நிகழ்ந்தது. காரணம் மீண்டவழிக் காரியம் மறைந்தது. உடன்படிக்கையே அதற்குக் காரணம் என்பது கருத்தன்று. கிறித்தவமே விடுதலைக்குக் காரணம் என்னும் கூற்று நில்லாதென்பதே கருத்து.

ஜமைக்காவிற் சாமுவேல் ஷார்ப் என்னும் அடிமை, பாப்டிஸ்து சபையில் ஊழியர். அவர் விவிலியத்தைக் கற்று, ஒருவனுக்கு இருவர் ஆண்டானாதல் இயலாதெனத் தெளிந்து, 1831-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் நாளையடுத்துக் கூலியின்றி உழையோம் என்று மக்களைத் திரட்டினார். 300-க்கு மேற்பட்டோர் கொல்லக் கட்டளையிடப்பட்டனர். அவரும் 1832-இல் தூக்கிலிடப்பட்டார். அவ்வாண்டிலேயே அத்தீவின் ஆங்கிலத் திருச்சபைக் குருவாகிய பிரிட்ஜஸ் என்பவர் குடியேற்றச் சபைக் கூட்டம் ஒன்றை நிறுவினார். அக்கூட்டத்தார் அடிமைகள் தொழுத சிறுகோயில்களை இடித்தும் எரித்தும் அழித்தனர். ஒரே நூலை ஓதிய இருவருள் ஒருவர் தூக்குமரம் ஏறினார். மற்றவர் கோயிலிடிக்க ஆள் திரட்டினார். இவ்விருவருள் திருச்சபையின் ஆட்சி எவர் பக்கம் நின்றது என்பதை வரலாறு காட்டுகின்றது.

மூன்றாவது தடை, அக்காலத்தில் எல்லா நாட்டாரும் அவ்வாறே செய்தனர் என்பது. உண்மை. ஆயின், காலத்தோடு ஒத்துச் சென்றேம் என்பவர், காலத்தை மாற்றினேம் என்று கூறுதற்கு உரியரல்லர். இரண்டனுள் ஒன்றையே கூறுதல் வேண்டும்.

நான்காவது தடை, தமிழகத்தில் அடிமைகள் இல்லையோ என்பது. இதற்கு மறைவின்றி விடை கூறுதல் சைவர் கடன். இருந்தனர். மக்கள் கோயில்கட்கு அடிமைகளாக விற்கப்பட்ட செய்தியைச் சோழர் காலத்துக் கல்வெட்டுக்கள் கூறுகின்றன. நிலத்தோடு உழவாட்களும் கைமாறிய வழக்குத் தஞ்சை முதலிய நாடுகளில் நெடிது நின்றது. அதனைச் சட்டத்தால் தளர்த்தியது 1843-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம். மடங்கள் முன்வந்து ஒழித்தன அல்ல. அம்மக்களின் வழியினர்க்குச் சிவாலயக் கதவுகள் சென்னை மாகாணம் முழுதும் சட்டப்படி திறந்தது 1947-இல். ஆகலின், அடிமை வழக்கை ஒழித்தது சைவமே என்று எவரேனும் கூறுவாராயின், அவர்க்கும் இவ்விடையே விடையாம். பிறர் குற்றங் காட்டித் தன் குற்றம் மறைத்தல் வாதமன்று, வஞ்சம்.

இன்னும் ஒன்று. அடிமைத்தனம் பாவத்தின் தண்டனை என்று அகுஸ்தீனார் கூறியதும், தாழ்ந்த பிறப்பு வினைப்பயன் என்று கூறி ஒருவனைத் தாழ்த்தி வைத்தலும் தம்முள் வேறல்ல. வினைப்பயன் உண்டென்பது சித்தாந்தத் துணிபு. ஆயின் அதனை அறிந்து ஊட்டுபவன் இறைவன் ஒருவனே. ஊட்டும் உரிமையைத் தான் மேற்கொண்டு பிறனை ஒடுக்குவான், அவன் பழவினையைக் கழிப்பவனல்லன். தனக்கு ஆகாமியத்தை ஈட்டுபவனாவன். இத்தெளிவின்றி வினையை எடுத்துரைப்பார், காட்ரிங்டன் பண்ணையிற் சூட்டுக்கோல் பிடித்தார்க்கு உறவினரே.

முடிவு

காலந் தாழ்த்தேனும் சபைகள் தம் குற்றத்தை ஒப்புக்கொண்டுள்ளன. ஆங்கிலத் திருச்சபையின் பொதுப்பேரவை 2006-ஆம் ஆண்டு பிப்ரவரியில், அடிமை வாணிகத்தில் தன் பங்கிற்காக மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. காட்ரிங்டன் பண்ணையின் செய்தி அவ்வவையிலேயே எடுத்துரைக்கப்பட்டது. அத்திருச்சபையின் சொத்துக்களைக் காக்கும் ஆணையர், அடிமைகளை ஏற்றிச் சென்ற தென்கடல் கும்பினியில் முன்னாளிற் பொருள் இட்டிருந்தமையை ஆராய்ந்தறிந்து, 2023-இல் பத்துக் கோடி பவுன் ஒதுக்குவதாக அறிவித்தனர். அவ்வாண்டிலேயே சுவிசேஷம் பரப்பும் சங்கத்தின் வழிவந்த சங்கமும் பார்படோஸ் மக்கட்கு ஈடுசெய்யும் திட்டம் ஒன்றை அறிவித்தது. 15-ஆம் நூற்றாண்டுப் பாப்பரசர் ஓலைகளின்மேல் எழுந்த கொள்கையைத் தான் ஏற்பதில்லையென வத்திக்கானும் 2023-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் வெளியிட்டது. குற்றத்தை ஒப்புதல் பெருமை; அப்பெருமை அவர்க்கு உரியதாகுக. ஆயின், தலைமைப் பீடங்களே மன்னிப்புக் கோரிய ஒன்றை அவற்றின் தொண்டர் மேடையேறித் தம் பெருமையாகக் கூறுதல் யாங்ஙனம் பொருந்தும்? தலைவர் அழுகின்றார், தொண்டர் முரசறைகின்றார்.

மேற்கூறியவாற்றால் துணியப்படுவது இது. அடிமைத் தளையை அறுத்தவர் தளையுண்ட மக்களும், அவர் அழுகுரல் கேட்டுத் தம் சபையையே எதிர்த்து நின்ற சிலருமாவர். அச்சிலருட் கிறித்தவர் உளர், கிறித்தவரல்லாதாரும் உளர். சபைகளோ, வருவாய் உள்ளளவும் தளையைக் காத்தன; வருவாய் குன்றியும் சட்டம் நெருக்கியும் வந்தவழி விடுத்தன; விடுத்தபொழுது ஈடு பெற்றன. சமயம் ஒன்றன் பெருமை அதன் நூலில் எழுதிய எழுத்தால் மட்டும் அளக்கப்படுவதன்று; எளியவன் ஒருவன் அதன் வாயிலில் வந்து நின்ற நாளில் அவனை எங்ஙனம் ஏற்றது என்பதனாலும் அளக்கப்படும். இவ்வளவுகோல் எல்லாச் சமயத்தார்க்கும் பொது. இதனைப் பிறர்மேல் வைக்குமுன் தன்மேல் வைத்துப் பார்ப்பானுக்கே பிறரை வினவும் உரிமை உண்டு. அறிவுடையோர் ஆய்ந்து கொள்வாராக.